பழச்சாறு

பழத்தைப் பிழிந்தோ அரைத்து வடித்தோ எடுக்கும், நொதிக்காத நீர்மம் பழச்சாறு எனப்படும். நீரும் சர்க்கரையும் கலந்த பழப் பானம், ஸ்குவாஷ், சர்பத் முதலியன இதில் சேரா. பழத்திலுள்ள சர்க்கரை, அமிலம், பொட்டாசியம், வைட்டமின் சி ஆகியவை சாற்றில் இறங்கிவிடுகின்றன. நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போகிறது.

வரலாறு

சாற்றின் ஊட்டம் குறித்த ஆராய்ச்சி கப்பலில் தொடங்கியது. மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த பிஸ்கட்டையும் தின்ற மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, ஆறிய புண்ணும் மீண்டும் வாய்பிளக்கும் ஸ்கர்வி நோய் கண்டது. 1747இல் சாலிஸ்பரி என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோய்ப்பட்ட 12 பேரை இருவர் இருவராகப் பிரித்தார். ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர் என ஒவ்வோர் இணைக்கும் ஒரு மருந்து கொடுத்தார். ஓர் இணைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஆளுக்கு 2 ஆரஞ்சும் 1 லெமனும் கிடைத்தன. ஆறு நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. ஆனால் அதற்குள் அவ்விருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நெடும்பயணத்துக்குப் பழம் தாங்காது என்பதால், சாற்றை இளஞ்சூட்டில் பாகாகச் சுண்டவைத்துக் கொண்டுசெல்லலாம் என்று லிண்ட் எழுதினார். நோயைத் தீர்க்கும் பொருளான வைட்டமின் சி சூட்டிலேயே பெருமளவு அழிந்துவிடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. 1795 முதல் பிரிட்டிஷ் கடற்படை, காய்ச்சாத லெமன் சாற்றைச் சாராயம் சேர்த்துப் பாதுகாத்து வழங்கியது. ஸ்கர்வி ஏறக்குறைய ஒழிந்தது.

1860களில் கடற்படை மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறியது. தமிழில் இரண்டுமே எலுமிச்சைதான். நம் சந்தையில் விற்பது லைம் இனம். லெமனைவிட இதில் வைட்டமின் சி குறைவு. நாட்பட்ட இருப்பிலும் செப்புக் குழாய்களிலும் இருந்ததுகூடக் குறைந்தது. 1875இல் ஆர்க்டிக் சென்ற நேர்ஸ் தலைமையிலான பயணக்குழு, சாறு கையிருப்பில் இருந்தும் ஸ்கர்வியால் நலிந்து மறு ஆண்டே திரும்பியது. வைட்டமின் சியைப் பிரித்தறிந்த ஆய்வுக்காக ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

சாற்றை நொதிக்காமல் அடைக்கும் முறையைத் தந்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச். தேவாலயச் சடங்கில் மதுவுக்கு மாற்றாகத் திராட்சைச் சாறு வேண்டும் என்று விரும்பிய அவர், 1869இல் நியூஜெர்சியின் வைன்லாந்தில் சாற்றுப் புட்டிகளை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, ஈஸ்ட்டை அழித்தார். கிருமிகளைச் சூட்டால் அழிக்கப் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் கண்ட முறையின் பயனே இது.

ஊட்டம்

ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் பிடிக்கும். கடைக்காரர் வடிகட்டியைக் கூடையில் தட்டும்போது விழுகிற வெளுத்த சக்கையில்தான் நார்ச்சத்து இருக்கிறது. 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் ஏறத்தாழ 2.4 கிராம் நார்ச்சத்து உண்டு. அதே அளவு சாற்றில் 0.2 கிராம்தான் எஞ்சும். 200 மில்லி சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை உள்ளது. பழத்தின் இயற்கைச் சர்க்கரைதானே என்ற வாதம் நிற்காது. சாற்றின் சர்க்கரையையும், உணவில் தனியே சேர்க்கும் சர்க்கரையைப் போல, கட்டற்ற சர்க்கரையாகவே கணக்கிடும் உலக சுகாதார நிறுவனம், இவ்வகைச் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று 2015இல் அறிவுறுத்தியது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சாறே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரை.

பாதுகாப்பு

புளிப்பு கிருமியை அண்டவிடாது என்ற நம்பிக்கை 1996இல் தகர்ந்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும் காய்ச்சாத ஆப்பிள் சாற்றின் வழியே ஈ.கோலை ஓ157 கிருமி 60க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. கொலராடோவில் 16 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அதன்பின், கிருமி எண்ணிக்கையை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும் முறை அமெரிக்கச் சாறு ஆலைகளுக்குக் கட்டாயமாயிற்று. அழுகிய ஆப்பிளில் பூஞ்சணம் உண்டாக்கும் பாட்டுலின் என்ற நஞ்சு காய்ச்சினாலும் முழுதாக நீங்காது. அழுகலை முன்பே கழித்துவிடுவதே வழி. கிரேப்ஃப்ரூட் சாறு, சில இரத்த அழுத்த மருந்துகளும் கொழுப்பு மருந்துகளும் இரத்தத்தில் அளவுமீறிச் சேரச் செய்யும்.

இன்றைய நிலை

இந்தியாவில், செறிவுச் சாற்றில் நீர் கலந்து செய்தவற்றின் உறைகளில் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று அச்சிடுவதை நீக்குமாறு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024இல் ஆணையிட்டது. உறையிலிடாமல் உடனே பிழிந்து தரும் கடைச் சாற்றிலோ, பழத்தைப் போலவே பனிக்கட்டியின் தூய்மையும் முக்கியம்.

ஸ்கர்விக்குச் சாறு மருந்தானது, கப்பலில் பழம் தங்காததால். பழம் கைக்கெட்டும் இடத்தில் அதைச் சுளையோடு தின்பதே மேல்.