தோம்பின் நிரல்களும் கணனியின் நிரல்களும்: கொக்குவிலைச் சான்றாகக் கொண்ட ஒரு நோக்கு

வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தமது அறிக்கை மென்பொருள்களிலே சம்பளம், நோய், அடையாள அட்டை இலக்கம் முதலிய நிரல்களைச் சில பணியாளருக்கு மட்டுமே காட்டும் முறை இன்று பெரிதும் பேசப்படுகின்றது. இது கணனியுடன் பிறந்த பிரச்சினையெனப் பலர் கருதுவர். ஆயின் எந்த நிரலை யார் எழுதுகின்றார், யார் பார்க்கின்றார், யாருக்கு அது மறைக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதியனவல்ல. வலிகாமத்துக் கொக்குவிலைச் சான்றாகக் கொண்டு அவற்றின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம்.

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் தொடக்கிய தோம்பு முறையை விரிவாக்கினர். காணித்தோம்பு நிலத்தையும் உரிமையாளரையும் இறையையும் பதிந்தது. தலைத்தோம்பு குடிகளைச் சாதிவாரியாகப் பதிந்தது. ஊதியமின்றி அரசுக்கு உழைக்கும் ஊழியக் கடமை யாரைச் சாரும் என்பதை அறிதற்கே சாதி நிரல் வேண்டப்பட்டது. ஏட்டைத் திறக்கும் வாய்ப்பு கொம்பனி உத்தியோகத்தருக்கும், அவர்தம் கீழ்ப் பணிபுரிந்த முதலியார், கணக்கப்பிள்ளை முதலிய உள்ளூர் மேலோருக்கும் உரியதாயிற்று. எவரது பெயருக்கு எதிரே கடமை எழுதப்பட்டதோ, அவர் பெரும்பாலும் அதனை வாசித்தறியும் நிலையில் இருக்கவில்லை.

பிற்காலத்திற் கொக்குவில் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பது வழக்கம். உலகச் செய்தி இவ்வாறு எல்லோருக்கும் பொதுவாயிற்று; முதலாளியின் பேரேடு பொதுவாகவில்லை. சுற்றிய சுருட்டின் தொகையும் பெற்ற முற்பணமும் தொழிலாளியின் வாழ்வைப் பிணித்த நிரல்கள். அவற்றைக் கூட்டிக் கழித்தவர் கணக்கப்பிள்ளை. இங்கு இரகசியம் என்னும் வேலி உடைமையாளரையே காத்தது.

வேலி எளியோரைக் காப்பதும் உண்டு. இலங்கையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றார் விவாகமானவர்களா என்னும் நிரல் நெடுங்காலம் இருந்துவந்தது. பள்ளிக்கூட அனுமதிக்காக அதனைக் கொடுக்கும் பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு வேண்டாத ஒன்றையும் சேர்த்தே கொடுக்க நேர்ந்தது. இங்கிலாந்து 1947 இல் பெற்றாரின் விபரமற்ற குறுஞ் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. மூல ஏடு முழுமையாக இருக்க, காட்டப்படும் படி மட்டும் சுருங்கியது.

1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளை வைத்திருந்தமை பல சாட்சியங்களிற் பதிவாகியுள்ளது. அவ்விடாப்பில் இனம் என்னும் நிரல் இல்லை. பெயரும் முகவரியுமே போதுமாயின. அரச கந்தோர்களிலும் வணிக நிலையங்களிலும் எழுதுவினைஞராகப் பணியாற்றிய குடாநாட்டவர் பலர் அகதிகளாகக் காங்கேசன்துறையிற் கப்பலால் வந்திறங்கினர். பிறரது ஏடுகளை எழுதி வாழ்ந்த சமூகம், தன் பெயர் எழுதப்பட்ட ஏட்டினாலே துன்புற்றது. தோம்பு எழுதிய ஒல்லாந்தரின் நாட்டிலும், நாஸி ஆக்கிரமிப்பின்போது யூதரை இனங்காண உதவிய அம்ஸ்ரடாம் குடிப் பதிவகத்தை எதிர்ப்பியக்கத்தினர் 1943 மார்ச்சில் தாக்கித் தீயிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எட்கார் கொட் 1970 இல் தரவுகளை நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். 1976 இல் ஐ.பி.எம். ஆய்வாளர், அட்டவணையைப் பார்க்கும் அனுமதியை வழங்கவும் மீளப்பெறவும் உதவும் பொறிமுறையொன்றை விளக்கினர். மூல அட்டவணையைத் திறக்காது, வேண்டிய நிரல்களை மட்டும் கொண்ட ‘பார்வை’ ஒன்றைத் திறந்துவிடுதல் இம்முறையின் உயிர்நாடி. சம்பளப் பகுதியினர் விடுமுறை நாட்களின் தொகையைக் காண்பர். நோயின் பெயரைக் காணார்.

எனினும் வரலாறு இரண்டு எச்சரிக்கைகளைத் தருகின்றது. ஒரு நிரலை மூடினாலும், ஏனைய நிரல்கள் ஒன்றுசேர்ந்து அதனை உரைத்துவிடலாம் என்பது 1983 தரும் பாடம். மறைப்பு என்னும் பெயரால் உழைப்பவனுக்கே அவனது கணக்கு மறைக்கப்படலாம் என்பது சுருட்டுக் கொட்டில் தரும் பாடம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், நோய் முதலியவற்றைச் சிறப்பு வகைத் தரவுகளாக வகுப்பதோடு, தன்னைப் பற்றிய தரவை ஒருவர் அறியும் உரிமையையும் கூறுகின்றது. இவ்விரண்டும் இணைந்தே நிற்றல் வேண்டும்.

தோம்பு மேலோருக்குத் திறந்தும் குடிகளுக்கு மூடியும் இருந்தது. கணனிப் பதிவேடு அவ்வொழுங்கைத் தொடருமா மாற்றுமா என்பது, அனுமதி வழங்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது, அவர் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர் என்பவற்றிலேயே தங்கியுள்ளது.