மணப்பாட்டுக் குருசும் அதன் காவலரும்

திருச்செந்தூரிலிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே செல்லும் பாதையில், ஆலந்தலையையும் குலசேகரன்பட்டினத்தையும் கடந்து, பனங்காடும் உடைமரமும் செம்மணல் தேரியும் மாறி மாறி வரும் பிரதேசத்தின் ஓரத்தில், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், கரை கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல் ஒரு மணற்குன்று எழுந்து நிற்கிறது. அதன் மேல் இருப்பதே மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயில். கிறிஸ்து நாதர் அறையுண்ட சிலுவையின் மரத்துணுக்கு என்று நம்பப்படும் ஒன்று அங்கே பேழையில் வைத்துப் பூசிக்கப்படுவதால், இக்கரைக் கத்தோலிக்கர் அவ்வூரைச் ‘சின்ன எருசலேம்’ என்றே வழங்கிவருகின்றனர்.

மகான் ஒருவரின் எலும்பையோ அவர் உடுத்த துணியையோ அவர் தொட்ட பொருளையோ போற்றி வைத்து வழிபடும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த விநோதம் என்று நம்மவரிற் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் சரித்திரத்தோடு பொருந்தாது. கண்டியில் புத்தர் பெருமானின் தந்தத்துக்கு எடுத்த மாளிகை இருக்கிறது. சோழ மன்னர் சமாதிகளின்மேல் பள்ளிப்படைக் கோயில்கள் எழுந்தன. இவ்வளவு தூரம் போவானேன்? திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு வரும் வழியிலேயே, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் யோகத்தில் வீற்றிருந்ததாகச் சொல்லப்படும் புளியமரத்தை வலம் வந்து தொழாத வைஷ்ணவர் உண்டா? மகான் அமர்ந்த மரம் மரமாக மட்டும் இருப்பதில்லை என்ற உணர்ச்சி, மணப்பாட்டுக்குச் சிலுவைத் துணுக்கு வருவதற்கு முன்பே இந்த ஆற்றுவெளியில் குடியிருந்த உணர்ச்சிதான்.

முத்துக்குளித்துறைப் பரதவர், கடலிலும் கரையிலும் தங்களை நெருக்கிய போட்டியினின்று தப்பும்பொருட்டுப் போர்த்துக்கேயரின் துணையை நாடி, 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுக்கு மதம் கிடைத்தது. ஆனால் மதத்தைக் கற்பிக்கும் ஆள் நெடுநாள் கிடைக்கவில்லை. அந்த இடைவேளையில், 1540ஆம் ஆண்டில், நன்னம்பிக்கை முனையருகே புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்றின் தலைவன், உயிரோடு கரைசேர்ந்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டான் என்றும், கப்பல் கரைசேர்ந்த இடம் மணப்பாடு என்றும், அவன் நாட்டிய சிலுவையே பின்னாளைய கோயிலுக்கு வித்து என்றும் ஊர்மரபு கூறுகிறது. ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே ஒரு சமுத்திரமே கிடக்கிறதே என்று கேட்பவர் கேட்கலாம். நேர்ச்சைக் கதைகள் கடல்மைல் கணக்குப் பார்ப்பதில்லை.

கதையின் எல்லையைக் கடந்து கடிதங்களின் ஆதாரத்துக்கு நாம் வருவது இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியாரோடுதான். 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்த அவர், தமிழறிந்தாரைத் துணைக்கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். 1544 ஜனவரியில் எழுதிய நீண்ட கடிதத்தில், ஒரு கோயிலில் இருநூறுக்கு மேற்பட்ட பிராமணரோடு தாம் வாதித்ததை அவர் விவரிக்கிறார். அக்கோயில் திருச்செந்தூரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதே ஆண்டு மணப்பாட்டிலிருந்து தம் தோழர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பல. வடுகப் படையினருக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒண்டிக்கிடந்த பரதவருக்கு உணவும் நீரும் கொண்டு, ஜூன் மாதத்தில் அவர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டதும், எதிர்க்காற்று தோணிகளை முன்னேற விடாததால் பிறகு தரைவழியே நடந்ததும் அக்கடிதங்களால் நமக்குத் தெரிகின்றன. சாப்பாட்டுத் தோணிகளைப் பற்றிக் கவலைப்பட்ட இந்த மனிதரை, வெறும் அற்புதங்களின் மூட்டையாக ஆக்கிவிட்ட சரிதக்காரர்கள்மேல் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

குன்றின் கடல்புறச் சரிவில் அவர் தவமிருந்ததாகப் போற்றப்படும் குகை இருக்கிறது. அவருக்கு முன் அதில் சைவத் துறவி ஒருவர் வாழ்ந்தார் என்பது அங்கு வழங்கும் செய்தி. குனிந்து நுழைந்தால் மணற்பாறையின் ஈரம் தோளில் படும். உள்ளே ஒரு சிறு கிணறு. அலை எட்டும் தூரத்தில் இருந்தும் அதன் நீர் நன்னீராக இருப்பதை யாத்திரிகர் கையில் ஏந்திப் பருகி வியக்கின்றனர். செந்தூர்க் கடற்கரையில் வள்ளிக் குகையையும் நாழிக்கிணற்றையும் கண்டுவந்தவருக்கு இந்த வியப்பு புதியதாக இராது. உப்புநீரின் விளிம்பில் நன்னீரைக் கண்ட இடத்தையெல்லாம் இக்கரை மக்கள் தெய்வம் நின்ற இடமாகவே கொண்டனர்.

குன்றின்மேல் 1581இல் கோயில் எழுந்தது. இரண்டாண்டு கழித்து, 1583இல், சிலுவைத் துணுக்கு கொச்சி வழியாக வந்து சேர்ந்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. அக்காலத்து ஐரோப்பாவில் இத்தகைய பொருள்கள் பெரிய வழக்குக்கு உட்பட்டிருந்தன. உலகெங்கும் காட்டப்படும் சிலுவைத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கப்பல் நிறையும் என்று புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் 1543இல் எள்ளி எழுதினார். சவேரியார் இக்கரையில் மணியடித்துச் சென்றுகொண்டிருந்த ஆண்டு அது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமோ 1563இல், புனிதரின் திருப்பண்டங்களை வணங்குவது தகும், ஆனால் அவற்றை ஆயர் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்று விதித்தது. மூன்று நூற்றாண்டுக்குப் பின் ரொஓ த ஃப்ளோரி என்ற பிரெஞ்சு அறிஞர், தாம் அறிந்த துண்டுகளையெல்லாம் அளந்து பார்த்து, அவை ஒரு முழுச் சிலுவையின் மிகச் சிறிய பங்குக்கே காணும் என்று 1870இல் வெளியிட்டார். கப்பல் கணக்கில் கால்வின் தோற்றார். ஒவ்வொரு துண்டும் மெய்யானதா என்ற கேள்வியை அளவுகோல் தீர்க்காது என்பதும் உண்மையே. துணுக்கு வந்து மூன்றாண்டில், 1586இல், அந்திரிக் அடிகளார் புனிதர் சரிதங்களைத் தமிழில் ‘அடியார் வரலாறு’ என்று அச்சிட்டார். கதை தெரிந்தவனுக்கே மரத்துண்டு பேசும் என்பதை, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்த அந்தப் பாதிரியார் நன்கு அறிந்திருந்தார்.

கால்வினின் சீடர்களே பிறகு நேரில் வந்தார்கள். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விலக்கிக் கோயில்களைப் பறித்தனர். உடன்வந்த பல்தேயுஸ் என்ற போதகர், சுரூபத்தையும் திருப்பண்டத்தையும் கைவிடுமாறு பரதவரிடம் எவ்வளவோ வாதாடியும் பலிக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அதே ஒல்லாந்தர் திருச்செந்தூர்க் கோயிலையும் பிடித்து வைத்திருந்தனர். அவர்கள் கொண்டுபோன ஆறுமுகப் பெருமானின் திருவுருவம் கடலில் விழுந்ததையும், நாயக்கர் அதிகாரி வடமலையப்ப பிள்ளையன் 1653இல் அதை மீட்டதையும் செந்தூரில் சொல்லக் கேட்கலாம். செந்தூரான் அடியாரும் மணப்பாட்டுக் குருசின் அடியாரும் ஒரே நூற்றாண்டில் ஒரே பகைவனிடம் பட்ட துன்பத்தை இரு தரப்பாரும் சேர்த்து நினைப்பதில்லை என்பது ஆச்சரியமே. குருக்கள் துரத்தப்பட்டபோதும், ஆட்சிகள் கைமாறியபோதும், 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டபோதும், வலை இழுத்துப் பிழைத்த இந்தச் சனங்கள் வழிபாட்டைக் கைவிடவில்லை. ஒரு திருப்பண்டத்தின் பெருமையில் பாதி அதைக் காத்தவரைச் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

சவேரியாரே பின்பு திருப்பண்டமானார். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரச் சான்சியான் தீவில் அவர் மாண்டபோது, அவர் மார்பில் ஒரு சிறு சிமிழ் தொங்கியது. அதில் அப்போஸ்தலர் தோமையாரின் எலும்புத் துணுக்கும், தோழர்கள் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்த கையெழுத்துகளும், தம் துறவு வாக்கை எழுதிய தாளும் இருந்தன. அவர் உடல் கோவாவுக்கு வந்தது. வலக்கையின் ஒரு பகுதி 1614இல் ரோமாபுரிக்குப் போயிற்று. மணப்பாட்டுக்கு வாய்த்தது குகை. தெற்கே கோட்டாறு சவேரியார் கோயிலில், கிறிஸ்தவம் தழுவியதன் பொருட்டு 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின், குமரிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே யாத்திரை வழி இன்னும் நீண்டுவிட்டது.

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாள் தொடங்கி 14ஆம் நாள் திருச்சிலுவை மகிமைத் திருநாள்வரை மணப்பாட்டில் விழா. சிலுவைத் துணுக்கை முத்தமிட வரிசையில் நிற்பவருள் பொட்டிட்ட பெண்களும் திருநீறு பூசியவரும் உண்டு. அவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. செந்திலாண்டவனைத் தரிசிக்க வரும் அன்பர்கள் அரைநாள் ஒதுக்கித் தெற்கே சென்று இக்குன்றையும் பார்த்து வரவேண்டும். கூட்டம் வேண்டாதவர்கள் திருவிழா முடிந்த பின் செல்வது நல்லது.