கார்டின் மறுபக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போஸ்ட் கார்டின் படம் வந்தது. தம்பிக்கு அண்ணன் எழுதியது. விகாரி வருஷம், கார்த்திகை மாதம். உப்பளத்துப் பக்கம் இருந்த நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தது. கீழே பெரியப்பா பெயர். விகாரி என்றால் 1959. அப்பாவை நெருக்கி நிலத்தை விற்க வைத்தவர் பெரியப்பாதான் என்று முடிவு கட்டிவிட்டோம். வரலாறு நடத்திய நானும் சேர்ந்து தலையாட்டினேன். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

போன மாதம் கம்பியில் கோத்திருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் படம் எடுக்க உட்கார்ந்தேன். அந்தக் கார்டைத் திருப்பினால் விக்டோரியா ராணியின் தலை! கால் அணா. நம் நாட்டில் போஸ்ட் கார்டு 1879-இல் கால் அணாவுக்குத்தான் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. 1959-இல் ராணி தலை எப்படி இருக்கும்? தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். இந்த விகாரி 1899. எழுதியவர் எங்கள் கொள்ளுத் தாத்தா. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தில் பெரியப்பாவுக்கும் அதே பெயர். படம் எடுத்த பிள்ளை எழுத்து நிறைய இருந்த பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன, நான் அல்லவா மறுபக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும்?

உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் பத்திரப்படுத்தினார். பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே அவருக்கு எழுதினார். 1877 முதல் 1900 வரை வந்தவை ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து 'கடிதக் கருவூலம்' என்று நூலாகவே வந்திருக்கின்றன. அவர் பெயரிலான நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் ஒருவர் வீட்டில் இருப்பது அவருக்கு வந்த கடிதம் மட்டுமே. அவர் எழுதியது எதிராளி வீட்டில் இருக்கும். நம் குடும்பத்திலும் அப்படித்தான். அப்பா எழுதிய பதில்கள் உங்கள் டிரங்குப் பெட்டிகளில்தான் கிடக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. சாவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. மூலையில் கறுப்பு மை தடவி வரும் அந்தக் கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவது வழக்கம். கடிதங்களை மட்டும் நம்பினால் நம் குடும்பத்தில் யாருமே சாகவில்லை! பாட்டி இறந்த தேதியை அதனால்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பதை இரண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்கள். உறை இருந்தால் உறையையும். இன்லேண்டு லெட்டர் என்றால் மடிப்பு ஓரத்தில் நுணுக்கி எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். கம்பி குத்திய ஓட்டையில் எழுத்து போயிருந்தால் ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கார்டின் இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகள் வீட்டுக்குப் போனேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ராணி தலையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "காபி குடிச்சிட்டுப் போடா" என்றாள்.