டர்போ மலைக்காக வந்த சாமான்



மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு ஏறுகிற பாதையில் பின்னேரங்களில் இப்போது ஒரு சத்தம் கேட்கிறது. கியர் மாற்றும்போது "ப்ஸ்ஸ்" என்று காற்று பீறுகிற சத்தம். வேறு யாருமில்லை, நம்ம பிள்ளைகள்தான். வீட்டு முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, யூடியூப் பார்த்து, சின்ன ஜப்பான் வாகனங்களின் டர்போவில் கை வைக்கிறார்கள். திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாங்களும் அதைச் செய்தவர்கள்தான், அந்தக் கதை கீழே வருகிறது. வரலாறு படிப்பிக்கிற ஆட்கள் என்பதால் முதலில் டர்போவின் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

டர்போ என்றால் ரேஸ் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 1905இல் அதற்குக் காப்புரிமை எடுத்த சுவிஸ் பொறியியலாளர் அல்ஃபிரட் பூக்கி பார்த்தது வேகத்தை இல்லை, வீணாவதை. எரிந்த புகை சைலன்சர் வழியாக எவ்வளவு சக்தியைக் கொண்டு போகிறது! அந்தப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பலாம் என்பதே அவருடைய யோசனை. இருபது வருடம் கழித்து, 1925இல், அது இரண்டு ஜெர்மன் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் ஏறியது. 1750 குதிரைவலு 2500 ஆனது.

அதற்கிடையில் 1918இல் அமெரிக்காவில் நடந்த ஒன்று மலைநாட்டு ஆட்களான நாம் தெரிந்திருக்க வேண்டியது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து விமான எஞ்சின்கள் சோர்ந்தன. சான்ஃபர்ட் மோஸ் என்ற பொறியியலாளர் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போனார். 14,000 அடி. நம்ம பாவாதமலையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த எஞ்சின் அங்கே 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356.

இது நமக்கு அந்நியமான கணக்கு இல்லை. நல்லதண்ணியில் காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு, நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. கொழும்பில் பாய்கிற கார் இங்கே மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ மலைக்காக வந்த சாமான் என்று நாங்கள் சொல்வதும் அதனால்தான்.

அது காருக்கு வந்தது 1962இல். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் கம்பனி ஜெட்ஃபயர் என்று ஒரு காரை விட்டது. அமுக்கிய காற்று சூடாகும், சூடானால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பாஸ்மார் "நொக்கிங்" என்பார்களே, அதுதான். அதைத் தடுக்க வடித்த தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் ஊற்ற வேண்டும். முடிந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். வாங்கியவர்கள் நிரப்பவில்லை. அவ்வளவுதான் கதை! நிரப்பாவிட்டால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டர்போவை அடக்கிவிடும், கார் சோர்ந்து போகும், முறைப்பாடு வரும். இரண்டு வருடத்தில் அந்தக் கார் நின்றது. 1965இல் கம்பனியே டர்போவை இலவசமாகக் கழற்றிச் சாதாரண காபரேட்டர் பூட்டித் தர முன்வந்தது. ஒரு போத்தல் திரவத்தை ஊற்ற மறந்ததால் ஒரு நல்ல கண்டுபிடிப்பு வீட்டுக்குப் போனது.

1977இல் சுவீடனின் சாப் கம்பனி தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற டர்போ காரைக் கொண்டு வந்தது. அழுத்தம் எல்லை மீறினால் மிஞ்சிய புகையை விலக்கிவிடுகிற வேஸ்ட்கேட் என்ற கதவை வைத்து அதை அடக்கினார்கள். 1987இல் சுசுகி ஆல்டோ வேர்க்ஸ் சின்னக் காரில் 64 குதிரைவலுவைக் காட்டியது. ஜப்பானின் சின்ன வாகனங்களுக்கு இன்றுவரை அதுவே எல்லை. நம்ம ஊரில் ஓடுகிற 660 சீசீ டர்போ வேன்கள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி எங்கள் கதை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வேன் இருக்கிறது. சீசனில் யாத்திரிகர்களை ஏற்றும், மற்ற நாளில் ஸ்கூல் ஹயர். வேஸ்ட்கேட்டை இழுக்கிற கம்பியைக் கொஞ்சம் முறுக்கிக் கட்டையாக்கினால் கதவு பிந்தித் திறக்கும், அழுத்தம் கூடும் என்று படித்து, ஒரு லீவு நாளில் முறுக்கினோம். உண்மையைச் சொன்னால், வேன் பறந்தது! ஆட்களை நிரப்பிக்கொண்டு ஏறும்போதும் மூன்றாம் கியரை விட்டு இறங்கத் தேவையில்லை.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எஞ்சின் ஒயில் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று ஒயில் மாற்றாமலே ஓடினோம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். ஏற்றம் ஏறி வந்து, டர்போ சிவக்கச் சூடாக இருக்கும்போதே சாவியைத் திருப்பிவிடுவோம். நின்ற ஒயில் அங்கேயே கருகும். சீசன் தொடங்கி மூன்றாம் கிழமை, பின்னால் நீலப் புகை. கழற்றிப் பார்த்தால் ஒயில் வருகிற குழாய்க்குள் தார் மாதிரிக் கரி, தண்டு கையில் ஆடியது.

2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடையால் பழைய சாமான்களுக்கும் பெரிய கிராக்கி. பஞ்சிகாவத்தையில் அலைந்து பாவித்த டர்போ ஒன்றை எடுக்கும்போது நல்ல ஹயர் நாட்கள் போய்விட்டன. அந்தச் சீசன் காசில்தான் தங்கச்சியின் வகுப்புக் கட்டணம் போகும். அந்த வருடம் அவள் ஒரு தவணை வீட்டில் இருந்தாள். கம்பியை முறுக்கியவர்களும் ஒயிலைத் தள்ளிப்போட்டவர்களும் நாங்களே, வேறு யாரைச் சொல்வது?

"நுவரெலியாவில் ரேஸ்காரர்கள் செய்வதுதானே" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சரி. மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது, நம்ம மலைநாட்டின் பெருமை. ஆனால் அந்தக் கார் ஒரு ஏற்றம் ஏறி முடிந்ததும் டிரெய்லரில் போய்விடும், பிரித்துப் பார்க்க ஆள் நிற்பான். நம்ம வேன் விடிந்ததும் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், அதுவும் 92 ஒக்டேன் பெற்றோலில். அறுபது வருடத்துக்கு முன் ஜெட்ஃபயர்க்காரன் மறந்த போத்தலைத்தான் நாங்களும் மறந்தோம்.

இப்போது கம்பியைப் பழைய அளவுக்கே விட்டுவிட்டோம். 5000 கிலோமீற்றர் ஆகும் முன் ஒயிலும் ஃபில்டரும் மாற்றுகிறோம். ஏற்றம் ஏறி வந்தால் ஒரு நிமிடமாவது எஞ்சினை ஓடவிட்டுப் பிறகுதான் நிறுத்துகிறோம். இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம், மலிவும்கூட.

ஒன்று மட்டும். கழற்றிய ஒயிலைப் பின்கானில் ஊற்றுவதைப் பார்க்கிறோம். அது மஸ்கெலியா ஓயாவுக்குப் போய், மவுசாக்கலை குளத்தில் இறங்கி, களனி கங்கையில் சேர்கிறது. ஊருக்குப் பெயர் நல்லதண்ணி, பிள்ளைகளே.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் முற்றத்தில் வேனுக்கு ஒயில் மாற்றுகிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பழைய ஒயில் இருந்தால் கேனில் கொண்டு வாருங்கள், சேர்த்து வைத்து ஹட்டனுக்கு அனுப்புவோம். தேத்தண்ணி உண்டு.