ஆக்சிஸ்2 ஏஏஆர் மேவன் செருகுநிரல்

ஆக்சிஸ்2 ஏஏஆர் மேவன் செருகுநிரல் என்பது, ஜாவாவில் எழுதிய வலைச்சேவையை அப்பாச்சி ஆக்சிஸ்2 என்னும் வலைச்சேவை வழங்கி ஏற்கும் பொதியாகக் கட்டித்தரும் நீட்சி. இது மேவன் என்னும் பில்ட் கருவிக்குள் இயங்குகிறது. கருவிக்குத் தெரியாத பொதி வகை ஒன்றை அதற்குக் கற்பிக்கும் செருகுநிரல்களுக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

பின்னணி

ஆக்சிஸ்2இன் புதிய கட்டமைப்பு 2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. இலங்கை நிரலாளர்கள் இத்திட்டத்தில் பெரும்பங்கு வகித்தனர். மேவன் 2.0 2005 அக்டோபரிலும் ஆக்சிஸ்2 1.0 2006 மே மாதத்திலும் வெளிவந்தன.

பொதியின் அமைப்பு

இப்பொதியான ஏஏஆர் கோப்பு, ஜாவாவின் ஜார் கோப்பைப் போலவே, உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் நேரத்தைச் சொல்லும் சேவை ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். தொகுத்த ஜாவா வகுப்புகள், 'மெட்டா-இன்ஃப்' அடைவில் 'சர்வீசஸ்.எக்ஸ்.எம்.எல்', 'லிப்' அடைவில் சார்பு நூலகங்கள் என மூன்றும் அதில் இருக்கும். சேவையின் பெயரையும் அதை நடத்தும் வகுப்பையும் ஆக்சிஸ்2 வழங்கி அறிவது அந்த எக்ஸ்.எம்.எல் கோப்பிலிருந்துதான். அது இல்லாத ஜிப், வழங்கிக்குச் சேவையாகாது.

எழுதும் முறை

மேவன் செருகுநிரலின் அடிப்படை அலகு 'மோஜோ'. 'அப்ஸ்ட்ராக்ட்மோஜோ' வகுப்பை நீட்டித்து, 'எக்ஸிக்யூட்' முறையில் வேலையை எழுதுவார்கள். ஒவ்வொரு மோஜோவும் ஓர் 'இலக்கு': 'ஏஏஆர்' இலக்கு பொதியைக் கட்டுகிறது, 'எக்ஸ்ப்ளோடட்' இலக்கு அதே உள்ளடக்கத்தைச் சுருக்காமல் அடைவாக வைக்கிறது. இலக்கின் பெயரும் அது இயங்கும் கட்டமும் முன்பு ஜாவாடாக் குறிகளால் எழுதப்பட்டன. பின்னர் அனோட்டேஷன்கள் வந்தன.

கோப்புகளைச் சேர்த்துச் சுருக்குவது எளிய பகுதி. புதிய வகையை அறிவிப்பதே நுணுக்கமானது. செருகுநிரலின் 'காம்பொனன்ட்ஸ்.எக்ஸ்.எம்.எல்' கோப்பு இரண்டைச் சொல்கிறது: தொகுத்தல், சோதித்தல், பொதிதல் ஆகிய கட்டங்களில் எந்தெந்த இலக்குகள் ஓட வேண்டும், கிடைக்கும் கோப்பின் நீட்சி என்ன. இதனால் பயனர் தம் திட்டத்தின் 'போம்.எக்ஸ்.எம்.எல்'லில் பொதி வகையை 'ஏஏஆர்' எனக் குறித்து, 'எம்விஎன் பேக்கேஜ்' என்ற ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்.

வழக்கமான தவறு

'போம்' கோப்பில் இச்செருகுநிரலைக் குறிப்பிடும் இடத்தில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மதிப்பை 'ட்ரூ' என்று வைக்க வேண்டும். மறந்தால், பொதி வகை தெரியவில்லை என்று சொல்லி மேவன் நின்றுவிடும். செருகுநிரல் கணினியில் இறங்கியிருந்தாலும் பயனில்லை. திட்டத்தைப் படிக்கும் முதல் கணத்திலேயே பொதி வகை தெரிந்திருக்க வேண்டும். சாதாரணச் செருகுநிரலோ இலக்கு ஓடும்போதுதான் ஏற்றப்படுகிறது. அதை முன்கூட்டியே ஏற்றச் செய்வது இந்த ஒரு வரிதான்.

பெயரும் உறவும்

செருகுநிரலின் பெயர் 'மேவன்-பிளகின்' என்று முடிகிறது. 'மேவன்' என்று தொடங்கிப் 'பிளகின்' என முடியும் பெயர்கள் மேவன் குழுவினருக்கே உரியவை. ஆக்சிஸ்2இன் கூறுகளைப் பொதிய 'எம்ஏஆர்' என்ற உடன்பிறப்புச் செருகுநிரலும் உண்டு. பின்னாளில் ஆண்ட்ராய்டு நூலகங்களும் 'ஏஏஆர்' நீட்சியையே எடுத்துக்கொண்டன. பெயர்தான் ஒன்று, ஆண்ட்ராய்டு ஏஏஆருக்குள் 'சர்வீசஸ்.எக்ஸ்.எம்.எல்' இராது, 'ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்' இருக்கும்.