தோன்றியின் நெடும்பயணம்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை, நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் மலை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். மழை இறங்கியதும் இந்த மலைச்சரிவுகளின் புதர்களிலும் வேலியோரங்களிலும் ஒரு கொடி தலைநீட்டும். கோடை முழுவதும் அது இருந்த சுவடே தெரியாது. மண்ணுக்குள் கிழங்காக உறங்கியிருக்கும். ஈரம் பட்டதும் முளைத்து, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டு மேலேறும்.

ஏறுவதற்கு அது கையாளும் வழி தனியானது. இலையின் நுனியே மெல்ல நீண்டு, சுருண்டு, பற்றுக்கம்பியாகிவிடுகிறது. ஓர் இலை பிடி கொடுத்ததும் அடுத்த இலை மேலே தாவும். மொட்டு தலைகுனிந்தபடிதான் விரியும். விரிந்ததும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். முதல் நாள் பசுமை கலந்த மஞ்சள். பின்பு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும். கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறப் பூக்களையும் ஒருசேரப் பார்க்கலாம்.

இதற்கு நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டின் மாநில மலராக இதைச் செங்காந்தள் என்கிறோம். ஏர்போல வளைந்த கிழங்கைப் பார்த்து உழவர்கள் கலப்பைக்கிழங்கு என்றார்கள். சந்தையிலும் தோட்டத்திலும் அது கண்வலிக்கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் ஈழத்தில் கார்த்திகைப்பூ. இவற்றோடு, இன்று வழக்கில் குறைந்துபோன ஒரு பழம்பெயரும் உண்டு: தோன்றி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களின் வரிசை காந்தளில் தொடங்குகிறது. அதே வரிசையில் பின்னால் தோன்றியும் வருகிறது. இரண்டும் தனித்தனியே வருவதால் காந்தள் எது, தோன்றி எது என்ற விவாதம் உண்டு. ஆனாலும் அகராதிகள் தோன்றிக்குச் செங்காந்தள் என்றே பொருள் சொல்கின்றன.

கடல் கடந்து போனது இந்தத் தோன்றிதான்.

மலையாளத்தில் இதே செடிக்கு மேந்தோன்னி என்று பெயர். தமிழில் ஒன்று என்பது அங்கே ஒன்னு. கன்று என்பது கன்னு. அந்த வழியில்தான் தோன்றி அங்கே தோன்னி ஆயிற்று. 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கொழும்பில் பணியாற்றியவர் பால் ஹெர்மன். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, இலங்கையின் செடிகளைச் சேகரித்து உலர்த்திப் பாடம் செய்தார். பிறகு ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்கிருந்த தாவரத் தோட்டத்தின் பொறுப்பையும் ஏற்றார். 1687இல் அந்தத் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை வெளியிட்டபோது, நம் கொடியை மெத்தோனிகா மலபாரோரும் என்று பதிந்தார். மலபார் மக்களின் மெத்தோனிகா என்பது அதன் பொருள். அன்றைய டச்சுக்காரர்கள் கேரளத்தவரையும் இலங்கைத் தமிழரையும் மலபாரிகள் என்ற ஒரே சொல்லால்தான் குறித்தார்கள். ஹெர்மனுக்குப் பெயர் சொன்ன வாய் எந்தக் கரையைச் சேர்ந்ததாக இருந்தாலும், அந்தச் சொல்லின் வேர் தோன்றியில்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டே இன்னொரு சாட்சியும் அச்சேறியது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியரையும் வேறு பல உள்ளூர் அறிஞர்களையும் துணைக்கொண்டு உருவாக்கிய ஹோர்த்துஸ் மலபாரிகுஸ், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. 1688இல் வந்த ஏழாம் தொகுதியில் இந்தக் கொடி மெந்தோனி என்ற பெயரோடு படமாக இடம்பெற்றது. நம் பக்கத்து வைத்தியர்களும் குடியானவர்களும் சொன்ன பெயர், ஐரோப்பிய அறிவியலின் ஏட்டில் ஒரு பேரினத்தின் பெயராக ஐம்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது.

பிறகு கார்ல் லின்னேயஸ் வந்தார். தாவரப் பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று உழைத்த சுவீடன் நாட்டு அறிஞர். 1737இல் அவர் வகுத்த விதிகளில் ஒன்று, கிரேக்கத்திலோ லத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது. மெத்தோனிகா அந்த விதியில் அடிபட்டது. அதன் இடத்தில் புகழ் மிக்கது என்று பொருள்படும் குளோரியோசா என்ற லத்தீன் சொல்லை வைத்தார். 1753இல் வெளிவந்த அவருடைய ஸ்பீசிஸ் பிளான்டாரும் நூலில் அது குளோரியோசா சூப்பர்பா ஆயிற்று. இதில் வருத்தமான ஒரு முரண் உண்டு. அதே நூலில் பாவட்டையைப் பவெட்டா என்றும், பசளையைப் பசெல்லா என்றும் உள்ளூர்ப் பெயராலேயே அவர் ஏற்றுக்கொண்டார். தோன்றிக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை.

மெத்தோனிகா உடனே மறைந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் அந்தப் பெயரை விடாமல் எழுதிய தாவரவியலாளர்கள் இருந்தார்கள். ஆனால், செடிகளின் பெயர் உரிமையை 1753ஆம் ஆண்டு நூலிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உலகத் தாவரவியலாளர்கள் பின்னாளில் முடிவு செய்தார்கள். 1687இல் அச்சான பெயர் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. வழக்கு அத்தோடு தீர்ந்தது.

பெயரை இழந்தாலும் செடியின் பயணம் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவும் இதன் தாயகம்தான். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. 1947இல் அங்கே சென்ற இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூவின் வடிவில் செய்த வைர அணி பரிசாகக் கிடைத்தது. ஆனால் உலகம் இதைத் தேடி வந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை, நஞ்சும் காரணம். 1820இல் பெல்லெத்தியே, கவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் கொல்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பிறகு கொல்சிசின் என்று பெயர் பெற்றது. நம் கலப்பைக்கிழங்கிலும் அதே கொல்சிசின் இருப்பது 1915இல் வெளியான ஓர் ஆய்வில் உறுதியானது. இரண்டும் ஒரே குடும்பச் செடிகள். செல் பிரியும் வேலையையே நிறுத்திவிடும் ஆற்றல் கொல்சிசினுக்கு உண்டு. அதனால்தான் கிழங்கு ஆளைக் கொல்கிறது. சித்த மருத்துவமும் இதைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. அளவறிந்து கொடுத்தால் அதே பொருள் மூட்டுகளைத் தாக்கும் கவுட் நோய்க்கு மருந்து. 0.5 மில்லிகிராம் கொல்சிசின் மாத்திரையை மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதற்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் அங்கீகரித்தது.

கிழங்கைவிட விதையில் கொல்சிசின் அதிகம். அதனால் மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் என்று தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இது பணப்பயிராயிற்று. அந்தத் தோட்டங்களில் காலை வேளையில் நடக்கும் வேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. அதனால் அதே பூவின் மகரந்தம் சூல்முடிக்கு எளிதில் எட்டுவதில்லை. பூச்சியை மட்டும் நம்பியிருந்தால் காய் குறையும். எனவே வேலையாட்கள் பந்தல் வரிசையில் பூ பூவாக நின்று, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். ஒரு கிலோ விதைக்குப் பின்னால் இப்படித் தொட்ட ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். முற்றிய காய் வெடித்துச் செவ்விதை தெரியும்போது பறித்து உலர்த்தி அனுப்புகிறார்கள். ஒருகாலத்தில் பெயர் கப்பலேறிய ஐரோப்பாவுக்கு இப்போது விதை கப்பலேறுகிறது.

சாகுபடிக்கு வந்தது நல்லதே. ஆனால் நடுவதற்கான கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்ததால், பல இடங்களில் இயற்கையான கொடிகள் அருகிவிட்டன. கொல்லிமலை போன்ற மலைகளின் சரிவுகளில் எஞ்சியிருக்கும் கொடிகள் இந்த இனத்தின் மரபுச் சேமிப்பு. அந்தக் கிழங்குகளைத் தோண்டாமல் விட்டு, தோட்டத்துக்கு வேண்டியதைத் தோட்டத்துக் கிழங்கிலிருந்தும் விதையிலிருந்தும் பெருக்கிக்கொள்ள முடியும். அப்படித்தான் செய்ய வேண்டும்.

குளோரியோசா என்ற பெயரை இனி யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். உலகம் முழுவதும் ஒரு செடியை ஒரே பெயரால் அறிய ஒரு விதி தேவை. ஆனால் அந்த விதி காப்பது ஒரே ஒரு பெயரைத்தான். தோன்றியையும் கலப்பைக்கிழங்கையும், திருப்புலி நாட்டுப் பெரியவர்கள் தங்கள் மலைச் செடிகளுக்கு வழங்கும் பெயர்களையும் காக்க எந்த உலகச் சபையும் இல்லை. அந்த வேலை நம்முடையது. தாவரத் தோட்டத்துப் பலகைகளிலும் பள்ளிப் பாடநூல்களிலும் லத்தீன் பெயரோடு ஊர்ப்பெயரும் இடம்பெற வேண்டும். மலையில் பெயர் சொல்பவர்கள் இருக்கும்போதே கேட்டு, சொன்னவரின் ஊரோடும் நாட்டோடும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். ஓர் அயல்நாட்டு மருத்துவர் கேட்டு எழுதி 1687இல் அச்சேற்றியதால்தான் தோன்றியின் தடம் இன்று நம் கைக்குக் கிடைக்கிறது. மற்றச் செடிகளுக்கு அதை நாமே செய்ய முடியும்.