அடுக்களைச் சான்றுகள்: மிளகாயும் பிற வரவுப் பெயர்களும்

வரலாற்றுக்குரிய சான்றுகள் எவை என வினவின், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் குறிப்பு, இலக்கியம் என எண்ணிக் காட்டுதல் ஆராய்ச்சியாளர் மரபு. இவற்றை எழுதுவித்தோரும் பொறிப்பித்தோரும் பெரும்பாலும் அரசரும் வணிகரும் புலவருமே ஆவர். எழுத்தறியா மக்களும் சான்றுகளை விட்டுச் சென்றுள்ளனர். அவை, நாள்தோறும் தாம் கையாண்ட பொருள்களுக்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயர்கள். ஊர்ப்பெயர்களிலிருந்து எத்துணை வரலாறு வெளிப்படும் என்பதை ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946-இல் வெளிவந்த ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலில் விளக்கினார்கள். அம்முறை அடுக்களைப் பொருள்களின் பெயர்க்கும் பொருந்துமா, பொருந்துமாயின் அதன் எல்லை யாது என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1. மிளகும் மிளகாயும்

மிளகாய் இன்றித் தமிழர் உணவு இல்லை என்னுமாறு அப்பொருள் இன்று நம்மோடு கலந்துவிட்டது. ஆயினும் சங்க நூல்களில் அதற்கு இடமில்லை. ஆங்கே கார்ப்புச் சுவைக்கு உரியது மிளகே. கறி, மிரியல், மிளகு என்னும் பெயர்கள் அந்நூல்களில் அதற்கு வழங்குகின்றன. யவனர் பொன்னொடு முசிறிக்கு வந்து கறியொடு மீண்டதை அகநானூறு கூறும். காவிரிப்பூம்பட்டினத்தில் மிளகு மூட்டைகள் கிடந்ததைப் பட்டினப்பாலை கூறும். மாதுளங்காயைப் பிளந்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைத்த உணவைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது.

மிளகாய்ச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பசு அக்கண்டத்துத் தீவுகளை அடைந்த பின்னரே பிற நாட்டார் அதனை அறிந்தனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1500-இல் கப்ரால் என்னும் போர்த்துக்கீசியத் தலைவர் பிரேசில் கரையைத் தொட்டு, அவ்வாண்டிலேயே கோழிக்கோட்டிற்கும் வந்து சேர்ந்தார். 1510-இல் கோவா போர்த்துக்கீசியர் வயமாயிற்று. அமெரிக்கச் செடிகள் நம் நாட்டுக்கு வருதற்குரிய கடல்வழி இவ்வாறு திறந்தது.

வந்த பொருளுக்குப் பெயர் வேண்டும். மக்கள் அதன் அயற்பெயரை நாடவில்லை. தாம் அறிந்த மிளகின் கார்ப்பு அதன்கண் இருத்தலைக் கண்டு, மிளகு போலும் காய் என்று கருதினர். மிளகு, காய் என்னும் இரண்டும் சேர்ந்து மிளகாய் என மருவிற்று. செடிநூல் முறையில் இவ்விரண்டிற்கும் உறவில்லை. மிளகு வெற்றிலைக் குடும்பத்தது, மிளகாய் கத்தரிக் குடும்பத்தது. பெயரிட்டோர்க்கு நாவே அளவுகோலாய் இருந்தது. மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசுவும் மேலைத் தீவுகளில் கண்ட இக்காயை மிளகின் பெயராலேயே குறித்தார். மிளகைக் குறிக்கும் இசுப்பானியச் சொல்லின் ஒரு வடிவமே அம்மொழியில் மிளகாய்க்கும் இன்றளவும் வழங்குகின்றது.

இவ்வொப்புமை தமிழ் மரபிற்கும் புதியதன்று. உகாய் மரத்தின் சிறு காய்க்கு மிளகைப் பெய்தாற் போன்ற சுவையுண்டு என நற்றிணையின் 66-ஆம் பாட்டு உரைக்கின்றது. கார்ப்புடைய காயைக் கண்டவிடத்து மிளகை நினைத்த சங்கப் புலவரின் உள்ளமும், பல நூற்றாண்டுகட்குப் பின் மிளகாய்க்குப் பெயரிட்ட உழவரின் உள்ளமும் ஒருநெறிப்பட்டுச் சென்றமை காணத்தக்கது.

2. பழையது அடைமொழி பெறுதல்

உறவு மொழிகளை ஒப்பிடின் இவ்வரலாறு மேலும் தெளிவுறும். கன்னடத்தில் மிளகு ‘மெணசு’. மிளகாய் ‘மெணசினகாயி’, அதாவது மிளகின் காய். தெலுங்கில் மிளகு ‘மிரியாலு’, மிளகாய் ‘மிரபகாய’. மலையாளத்திலோ மாற்றம் இன்னும் முதிர்ந்துவிட்டது. அங்கு ‘முளகு’ என்றாலே இன்று பெரும்பாலும் மிளகாயைத்தான் உணர்வர். பழைய உரிமையுடைய மிளகைக் ‘குருமுளகு’ என்றும் ‘நல்லமுளகு’ என்றும் அடைகொடுத்துச் சுட்ட வேண்டியதாயிற்று. குமரி மாவட்டத் தமிழிலும் ‘நல்லமிளகு’ என்னும் வழக்கு உண்டு. கன்னடத்து ‘ஒள்ளெமெணசு’ என்பதற்கும் நல்ல மிளகு என்பதே பொருள். சிங்களத்தில் ‘மிரிஸ்’ என்பது மிளகாய், மிளகு ‘கம்மிரிஸ்’. அதன் முற்பகுதியை ஊரைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளின், அஃது ஊர் மிளகு, அதாவது நாட்டு மிளகு என்றாகும்.

இதனால் ஒரு நெறி புலனாகின்றது. புதுப்பொருள் முதலில் பழையதன் பெயரை அடைகூட்டிப் பெறும். புழக்கம் மிகுந்தபின் அடையின்றி நிற்கும். அப்போது பழம்பொருளே அடைபெறும். முந்திரி என்னும் பெயர் முன்னர்த் திராட்சைக்கு உரியது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்த மரத்தின் கொட்டை அப்பெயரைக் கொண்டுவிட்டமையால், திராட்சை ‘கொடிமுந்திரி’ ஆயிற்று. தக்காளியும் நாட்டுச் சிறு செடிகளுக்கு வழங்கிய பெயரே. அமெரிக்கப் பழம் ‘சீமைத்தக்காளி’யாக வந்து, பின்னர்ச் சீமையை உதறித் தக்காளியாக அமர்ந்தது; நம் தோட்டத்து மணத்தக்காளி இன்று அடைமொழியோடு நிற்கின்றது.

மிளகாய் இத்துணை விரைவில் வேரூன்றியமைக்குக் காரணம் பொருளியலில் உள்ளது. மிளகு மழைவளம் மிக்க மலைச்சாரலில் படரும் கொடி. சமவெளியில் வாழ்வோர் அதனை வணிகரிடமே விலைகொடுத்துப் பெறுதல் வேண்டும். மிளகாயோ விதை தூவிய சில திங்களில் கொல்லைப்புறத்திலேயே காய்ப்பது. உலர்த்தி ஆண்டு முழுதும் வைத்திருக்கத்தக்கது. கடல் கடந்த வணிகத்தின் விலைப்பொருளாகிய மிளகுக்கு மாற்றாக ஏழை மக்கள் மிளகாயைக் கைக்கொண்டமை இயல்பே. பெயரில் மக்கள் வழக்கின் தன்மை மிக்கிருத்தற்கும் இதுவே காரணம் என்பது எம் கருத்து.

3. கொணர்ந்தோர் பெயரும் பிறந்த இடமும்

வரவுப் பெயர்களுள் மற்றொரு வகை, கொணர்ந்தோரையோ வந்த வழியையோ சுட்டுவது. பறங்கிக்காய், மணிலாக்கொட்டை, சீமையகத்தி என்பன இவ்வகையின. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. தமிழகத்தின் வடபகுதியில் அது மணிலாக்கொட்டை எனப்படும். மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்பன அதன் மரூஉ. 1565 முதல் 1815 வரை இசுப்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோத் துறைக்கும் பிலிப்பைன் தீவுகளுக்கும் இடையே பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்து போயின. 1571-இல் மணிலா இசுப்பானியர் தலைநகராயிற்று. அமெரிக்கப் பயிர்கள் கீழ்த்திசைக்கு வந்த அவ்வழியின் நினைவு ‘மல்லாட்டை’ என்னும் நாட்டுப்புறச் சொல்லில் தங்கியிருக்கின்றது. இலங்கைத் தமிழில் மிளகாய்க்கு வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்னும் பெயரையும் கொச்சித் துறையோடு இயைத்துக் காணலாம்.

ஈண்டு எச்சரிக்கை வேண்டும். இப்பெயர்கள் வழியைக் காட்டுமேயன்றித் தாயகத்தைக் காட்டா. மணிலாக்கொட்டை மணிலாவில் தோன்றியதன்று. பறங்கிப்பட்டை என்னும் மருந்து வேர் சீன நாட்டது. பறங்கியர் கப்பலில் வந்தமையின் அவர் பெயர் பெற்றது. ஒலியொப்புமை கொண்டு பொருள் கற்பித்தலும் இத்துறையில் பெருந்தீங்கு பயப்பது. கொய்யா என்பதனைக் ‘கொய்யாத கனி’ என விரித்து நயம் பாராட்டுவர். அன்னாசி, பப்பாளி போல அதுவும் போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த அமெரிக்கச் சொல்லின் திரிபு எனக் கொள்வதே வரலாற்றொடு பொருந்தும்.

4. விலக்கப்பட்டவை தரும் சான்று

உள்ளது சான்றாதல் போல இல்லாததும் சான்றாகும். நீத்தார் கடன் சமையலில் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றை விலக்கி, மிளகையே கார்ப்புக்குக் கொள்ளும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உண்டு. பிள்ளை பெற்றாளுக்குரிய பத்திய உணவிலும் மிளகே முதன்மை பெறும். மிளகுத்தண்ணீர் என்னும் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே ஆங்கிலத்தில் புகுந்து ஒரு சாற்றின் பெயராயிற்று. சடங்கும் மருத்துவமும் எளிதில் மாறாதவை; ஆதலின் மிளகாய்க்கு முற்பட்ட அடுக்களையின் இயல்பை அவை ஓரளவு காத்து வைத்துள்ளன.

எனினும் விலக்கப்பட்டவை எல்லாம் புதியன என்று முடிவு செய்தல் தவறு. வெங்காயமும் பூண்டும் முருங்கையும் பல வீடுகளில் அந்நாளில் விலக்கப்படுகின்றன. இவை அமெரிக்க வரவுகள் அல்ல. ஆகவே பெயர், செடியின் தாயகம், பழைய நூல்களின் குறிப்பு, சடங்கு வழக்கு ஆகிய நான்கும் ஒத்துவரும் இடத்தேதான் முடிபு கூறுதல் தகும்.

இவ்வாராய்ச்சியின் பயன் நூல்களின் கால ஆராய்ச்சிக்கும் உரியது. அகத்தியர் முதலிய சித்தர் பெயரால் வழங்கும் மருத்துவப் பாடல்களில் பறங்கிப்பட்டை வரக்காணின், அப்பாடல் அவ்வடிவில் பறங்கியர் வருகைக்கு முற்பட்டதாதல் இயலாது. ஒரு பாட்டில் வந்தமை கொண்டு நூல் முழுவதையும் பிற்காலத்தது என ஒதுக்கலும் ஆகாது. ஏடெழுதினோர் தம் காலத்து மருந்தை இடையே சேர்த்திருத்தலும் கூடும். பாட்டின் காலம் வேறு, நூலின் காலம் வேறு என்ற தெளிவு பதிப்பாசிரியர்க்கு வேண்டும்.

பழந்தமிழர் உணவை விளக்கப் புகுவோர் சிலர் மிளகாய் இட்ட குழம்பைச் சங்க காலத்து உணவாகக் காட்டுவதையும் காண்கின்றோம். இஃது அவ்வக்காலத்தார்க்கு இழைக்கும் பிழை. மிளகைக் கொண்டு சமைத்தோரின் பெருமைக்கு மிளகாயின் துணை வேண்டுவதில்லை. பின்னர் வந்ததை ஏற்றுத் தமிழ்ப்பெயர் இட்டு, சில நூற்றாண்டுகளில் அதனைத் தம்முடையதாக்கிக்கொண்ட மக்களின் ஆற்றலும் இதனால் மறைந்துபோகின்றது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இத்தகைய சொற்கள் பலவற்றைத் தொகுத்தளித்தது. அப்பணியை மாவட்டந்தோறும் விரித்துச் செய்தல் வேண்டும். கடைகளில் உறையிட்டு விற்கும் பொருள்கள் தமிழகம் எங்கும் ஒரே பெயரைத் தாங்கி வருகின்றன. மல்லாட்டை போன்ற சொற்களைக் கொச்சையென நாணி இளையோர் கைவிடுகின்றனர். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் காய், கனி, கிழங்கு, கொட்டை ஆகியவற்றிற்கு முதியோர் வழங்கும் பெயர்களையும், சடங்குகளில் கொள்வனவும் விலக்குவனவும் ஆகியவற்றையும், சொன்னவர்தம் வட்டாரத்தையும் அகவையையும் குறித்து வைப்பாராயின், கல்வெட்டுகள் கூறாத வரலாற்றின் ஒரு பகுதியை எழுதுதற்கு வேண்டிய கருவிகள் நம் கையில் இருக்கும்.